குப்பைத் தொட்டியைக் கொட்டி எண்ணுங்கள்

பள்ளிகளில் பிளாஸ்டிக் ஒழிப்பு என்றால் முதலில் ஓவியப் போட்டி, பிறகு உறுதிமொழி, அதன் பிறகு ஊர்வலம். ஊர்வலம் முடிந்து வரும் பிள்ளைகளுக்குப் பேப்பர் கப்பில் மோர். அந்தக் கப்பின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் சேர்த்தி!

பள்ளிக்குள் என்ன பிளாஸ்டிக் வருகிறது, யாருடைய முடிவால் வருகிறது என்று தெரியாமல் எதையும் குறைக்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ள எளிய வழி, குப்பைத் தணிக்கை. ஒரு தார்ப்பாய், சமையலறைத் தராசு, கையுறை, இடுக்கி, ஏழெட்டு பழைய வாளிகள் போதும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்யலாம். தொடர்ந்து ஐந்து பள்ளி நாட்கள், கடைசிப் பாடவேளையில், வகுப்பறை, மைதானம், சத்துணவுக் கூடத் தொட்டிகளைத் தார்ப்பாயில் கொட்டிப் பிரிக்க வேண்டும். கழிவறைத் தொட்டிகளை மட்டும் தொடவே கூடாது. நாப்கினும் பிளேடும் இருக்கும். தேர்வு வாரத்தையும் ஆண்டு விழா வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களின் குப்பை வழக்கமான குப்பை அல்ல.

எடை மட்டும் எழுதினால் கணக்கு ஏமாற்றும். சிப்ஸ் பாக்கெட்டின் எடை இரண்டு மூன்று கிராம்தான். ஆனால் 600 பேர் படிக்கும் பள்ளியில் பாதிப் பேர் தினம் ஒன்று வாங்குவதாக வைத்துக்கொண்டால், 200 வேலை நாட்களில் 60,000 உறைகள். ஆகவே எண்ணிக்கை, எடை இரண்டையும் எழுதுங்கள். சோறும் தண்ணீரும் ஒட்டியிருந்தால் உதறிவிட்டு எடை போடுங்கள். ஈரம்பட்ட பையின் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம்.

பிரித்ததை வைத்து அங்கேயே ஒரு அறிவியல் வகுப்பு நடத்திவிடலாம். பாட்டில், அதன் மூடி, பால் பாக்கெட், கண்ணாடி போல் இருந்து சடக்கென உடையும் பேனாக் குழல் ஆகியவற்றை நகத்தளவு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்துக்கொண்டால், பாட்டில் செய்யப் பயன்படும் பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி ஏறக்குறைய 1.38, மூழ்கும். மூடியும் பால் பாக்கெட்டும் பாலிதீன் அல்லது பாலிபுரொப்பிலீன் வகை. அடர்த்தி 1-க்குக் கீழே, மிதக்கும். பேனாக் குழல் பெரும்பாலும் பாலிஸ்டைரீன், அடர்த்தி 1.05, மூழ்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்பு கரைத்து அதில் போட்டால் குழல் மேலே வரும், பாட்டில் துண்டு அடியிலேயே கிடக்கும். மறுசுழற்சி ஆலையிலும் பாட்டில் துகளையும் மூடித் துகளையும் இப்படித்தான் தொட்டியில் மிதக்கவிட்டுப் பிரிக்கிறார்கள். சோதனை பிசகினால் காரணம் பெரும்பாலும் துண்டில் ஒட்டிய காற்றுக் குமிழ். பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டு விட்டுக் கலக்கினால் குமிழ் போய்விடும். தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான், உள்ளே காற்று இருப்பதால் வெறும் தண்ணீரிலேயே மிதக்கும்.

சிப்ஸ் உறையும் மிதக்கும். அதற்காக அதைப் பால் பாக்கெட்டோடு சேர்க்க முடியாது. பாலிபுரொப்பிலீன் படலங்களுக்கு நடுவே அச்சு மை, பசை, உட்புறத்தில் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கைவிட மெலிதான அலுமினியப் பூச்சு. ஆக்சிஜனையும் ஈரத்தையும் தடுத்து மொறுமொறுப்பைக் காப்பது இந்தப் பூச்சு. அடுக்குகளைப் பிரித்தெடுக்கக் கட்டுப்படியாகாது என்பதால் பழைய பேப்பர் கடையில் வாங்க மாட்டார்கள். அதிகபட்சம் சிமெண்ட் ஆலைச் சூளையில் நிலக்கரியோடு எரிபொருளாகப் போகும். பள்ளி மைதான மூலையில் கொளுத்துவதை இதற்கு இணையாக நினைக்க வேண்டாம். சூளையின் வெப்பம் 1400 டிகிரி செல்சியஸைத் தொடும். திறந்த வெளி நெருப்பில் அரைகுறையாக எரிந்து புகையும் கரியும்தான் மிஞ்சும். பிவிசி கலந்திருந்தால் டையாக்சின் என்ற நச்சும் உருவாகும்.

ஐந்து நாள் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'இதை முடிவு செய்தது யார்?' என்று ஒரு கட்டம் போடுங்கள். ஜூன் மாதத் தணிக்கையில் நோட்டு அட்டையின் பிளாஸ்டிக் உறை குவிந்திருந்தால், அது மாணவர் விருப்பமல்ல. உறை போட்டு வரச் சொன்ன பள்ளியின் உத்தரவு. பழைய மாதக் காலண்டர் தாள் போட்டால் போதும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அந்த வரி காலி. தண்ணீர் பாட்டில் நிறைய வந்தால் குழாயடிக்குப் போய்ப் பாருங்கள். அது கழிவறையை ஒட்டி இருக்கும், அல்லது வெயிலில் நிற்கும் தொட்டியிலிருந்து சுடுதண்ணீர் வரும். பிள்ளைகளைக் கண்டித்துப் பயனில்லை. பிறந்தநாள் சாக்லேட் உறைக்குக் கடலை மிட்டாய் மாற்றாகுமா என்றால், அதைப் பொட்டலம் போடாமல் டப்பாவோடு வாங்கினால் ஆகும்.

'அதிக பிளாஸ்டிக் கொண்டு வருபவருக்குப் பரிசு' என்ற போட்டி வேண்டவே வேண்டாம். பரிசுக்காகப் பாக்கெட் வாங்கும் பிள்ளைகளை அது உருவாக்கும். பாட்டிலுக்குள் உறைகளைத் திணித்துச் செய்யும் செங்கல்லிலும் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. வெயில் பட்டால் பாட்டில் நொறுங்கித் துகளாகும், உள்ளே இருப்பது மண்ணுக்கு வரும்.

சத்துணவுக் கூடத்திலும் ஆசிரியர் அறையிலும் பால் பாக்கெட்டின் மூலையை முழுதாகத் துண்டிக்காமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்தால் கடையில் எடுத்துக்கொள்வார்கள். தனியாக விழும் அந்தச் சின்ன முக்கோணத்தை யாரும் பொறுக்குவதில்லை, அது சாக்கடைக்குத்தான் போகும்.

மூன்று மாதம் கழித்து அதே ஐந்து கிழமைகளில் மறுபடி எடை போடுங்கள். மொத்த எடையை அன்றைய வருகைப் பதிவால் வகுத்து, ஒரு மாணவருக்கு இத்தனை கிராம் என்று ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் காய்ச்சல் பரவிப் பாதிப் பேர் வராத வாரம்கூட வெற்றியாகத் தெரியும்.