மௌனத்தில் மூச்சு வாங்கும் கணினி

வாசகர் ஒருவரின் கேள்வி இது. பழைய பெண்டியம் 4 கணினியில் மென்பொருள் சின்தசைசர் (கணினியையே இசைக்கருவியாக்கும் நிரல்) ஒன்றை நிறுவி, பியானோ போன்ற கட்டைகள் கொண்ட மிடி கீபோர்டை இணைத்து வாசிக்கிறார். வாசிக்கும்போது ஒரு குறையும் இல்லை. கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தால்தான் வினை. பத்துப் பதினைந்து நொடி கழித்து சி.பி.யூ. மீட்டர் சர்ரென்று ஏறி 90 சதவீதத்தில் நிற்கிறது; பின்னணியில் தனியாக ஓடும் தாளம் சடசடவென்று உடைகிறது. மறுபடி ஒரு கட்டையை அழுத்தினால் மீட்டர் இறங்கிவிடுகிறது. நண்பர்கள் வைரஸ் என்கிறார்களாம், சூடு என்கிறார்களாம், விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்கிறார்களாம். "வேலை செய்யும்போது ஓய்வாகவும், ஓய்வில் இருக்கும்போது மூச்சு வாங்கியபடியும் ஒரு கணினி இருக்க முடியுமா?" என்று முடித்திருந்தார்.

முடியும். இந்தக் கேள்விக்காகத்தான் நான் பல வருடமாகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் தெரிந்த கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மிடி கேபிளில் ஒலி எதுவும் போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்ற மூன்று பைட் செய்தி மட்டும் போகிறது. 69-ஆம் கட்டை என்றால் 440 ஹெர்ட்ஸ் என்று கணக்குப் போட்டு, அலையின் உயரத்தை நொடிக்கு 44,100 எண்களாக உருவாக்குவது மென்பொருளின் வேலை. அந்த எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் நிரப்பி சவுண்ட் கார்டிடம் கொடுக்கிறது. 512 எண் கொண்ட பஃபர் என்றால் 11.6 மில்லி நொடிக்கு ஒருமுறை கெடு, அதாவது நொடிக்கு 86 கெடு. ஒன்று தவறினாலும் அலை பாதியில் அறுந்து 'டப்' என்று கேட்கும். டாஸ்க் மேனேஜர் காட்டுவது சராசரியைத்தான். சராசரி 30 சதவீதமாக இருக்கும்போதே ஒரு கெடு தவறலாம்.

பஃபரைப் பெரிதாக்கினால் கெடு தளரும், ஆனால் கட்டையை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் இடைவெளி கூடும். 512 தரும் தாமதம், ஸ்பீக்கரை 4 மீட்டர் தள்ளி வைத்து வாசிப்பதற்குச் சமம், கை பழகிவிடும். பழைய கணினியில் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். விண்டோஸ் எக்ஸ்.பி.யின் வழக்கமான ஒலிப்பாதை தன் பங்குக்கும் தாமதம் சேர்க்கும் என்பதால் அதைத் தவிர்த்து சவுண்ட் கார்டோடு நேராகப் பேசும் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். கார்டுக்கென்று தனியாக இல்லாவிட்டால் ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவர் போதும். லினக்ஸில் ஜாக் என்ற ஒலி மென்பொருள், தவறிய கெடுக்களை 'எக்ஸ்-ரன்' என்று எண்ணியே காட்டிவிடும். சரி, அமைப்பு வேலை இவ்வளவுதான்.

இனி வாசகரின் மர்மம்.

அலையின் ஒவ்வொரு புள்ளியும் பெரும்பாலும் 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாகத்தான் சேமிக்கப்படுகிறது. பள்ளியில் 6.02 × 10²³ என்று எழுதினோமே, அதே முறை, இரும எண்ணில். ஒரு பிட் குறிக்கு, 8 பிட் அடுக்குக்கு, 23 பிட் இலக்கங்களுக்கு. முதல் இலக்கம் பூச்சியமாக இருக்கக்கூடாது என்பது விதி. இரும எண்ணில் பூச்சியம் இல்லையென்றால் ஒன்றுதான். எப்போதும் ஒன்றுதான் என்றால் அதை எழுதிவைப்பானேன்? எழுதுவதில்லை. பிராசஸரில் பெருக்கல் போடும் மின்சுற்றும் அந்த 'ஒன்று' அங்கே இருப்பதாக நம்பியே கட்டப்பட்டிருக்கிறது.

எண் சிறுத்துக்கொண்டே போனால் அடுக்கும் இறங்கிக்கொண்டே போகும். சுமார் 1.18 × 10⁻³⁸-இல் அடுக்கு அடிமட்டத்தைத் தொட்டுவிடும். அதற்கும் சிறிய எண் வந்தால்? பூச்சியம் என்று வெட்டிவிடலாம். அல்லது விதியைத் தளர்த்தி, முன்னால் பூச்சியங்களை அனுமதித்து, துல்லியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தபடி 1.4 × 10⁻⁴⁵ வரை படிப்படியாக இறங்கலாம். இரண்டாவது வழியில் கிடைக்கும் எண்களுக்குத்தான் டீநார்மல் என்று பெயர்.

இதற்காக ஒரு சண்டையே நடந்தது. படிப்படியாக இறங்கும் வழிக்காக வாதாடியவர் கணிதர் வில்லியம் கஹான். அது வேகத்தைக் கெடுக்கும் என்று எதிர்த்தது டெக் என்ற கணினி நிறுவனம். எதிர்த்ததோடு நிற்காமல், கணக்கீட்டுப் பிழைகளை ஆராயும் துறையில் பெரிய பெயரான ஜி. டபிள்யூ. ஸ்டூவர்ட்டை அமர்த்தி இதன் மதிப்பை ஆராயச் சொன்னது. அவர் ஆராய்ந்துவிட்டு, படிப்படியாக இறங்குவதே சரி என்று சொல்லிவிட்டார்! 1985-இல் மிதவைப் புள்ளி எண்களுக்கான ஐ.இ.இ.இ. 754 தரநிலையில் அந்த வழியே இடம்பெற்றது. ஆராய்ச்சிக்குக் காசு கொடுப்பவருக்கு, தனக்குப் பிடிக்காத விடையையும் வாங்கிக்கொள்ளும் வயிறு வேண்டும். இன்று எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் டெக் பயந்ததிலும் உண்மை இருந்தது. டீநார்மல் எண் வந்தால் பல பிராசஸர்களில் பெருக்கல் மின்சுற்றால் அதை நேரடியாகக் கையாள முடியாது. வேலை மைக்ரோகோடுக்கு, அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் மெதுவான உள்நிரலுக்கு, கைமாறும். சில கடிகாரச் சுழற்சிகளில் முடியவேண்டிய பெருக்கல் நூறு சுழற்சிக்கு மேல் தின்னும். பெண்டியம் 4 இதில் பேர்போனது.

இப்போது ரிவெர்பை, அதாவது பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல் ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் பகுதியை, எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே ஒலி வட்டமடிக்கிறது. வட்டம் ஒன்றுக்கு 30 மில்லி நொடி, ஒவ்வொரு வட்டத்திலும் 0.8-ஆல் பெருக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை எடுத்தபின் 47 வட்டங்களில், அதாவது 1.4 நொடியில், அது 16 பிட் ஒலியில் பதியக்கூடிய மிகச்சிறிய அளவுக்கும் கீழே போய்விடும். நம் காதுக்குக் கதை முடிந்தது. கணினிக்குக் காது இல்லையே, அது பெருக்கிக்கொண்டே இருக்கிறது. 392-ஆவது வட்டத்தில், ஏறக்குறைய 12 நொடி கழித்து, எண் டீநார்மல் பள்ளத்தில் விழுகிறது. மீட்டர் எகிறுகிறது.

சரி, இன்னும் இரண்டு நொடியில் பூச்சியத்தைத் தொட்டுத் தானே அடங்கிவிடாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒருநாள் தாளில் போட்டுப் பார்க்கும்வரை. பள்ளத்தின் அடியில் எண்கள் ஒரு மிகச்சிறிய அலகின் முழு மடங்குகளாக மட்டுமே இருக்க முடியும். 3 அலகை 0.8-ஆல் பெருக்கினால் 2.4, கிட்டிய முழு எண் 2. அந்த 2-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 1.6, கிட்டிய முழு எண் மறுபடி 2! அப்புறம் 2, 2, 2 தான். யாராலும் கேட்க முடியாத அந்த ஒலி சாகவே சாகாது. அடுத்த கட்டையை அழுத்தும்வரை ஒவ்வொரு நொடியும் பல்லாயிரம் முறை மைக்ரோகோடின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு ஒலியின் ஆவி என்று எதையாவது சொல்லவேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

மருந்து இதைவிட அழகு. அலையோடு 10⁻²⁰ அளவில் ஓர் எண்ணைக் கூட்டிவிடுங்கள். ஒலி இருக்கும்போது 32 பிட் எண்ணுக்கு அது உறைக்கவே உறைக்காது, ஏழெட்டு தசம இடங்களுக்கு அப்பால் உள்ளது எப்படியும் உதிர்ந்துவிடும். மௌனத்தில் மட்டும் அது தரையாக நின்று எண்ணைப் பள்ளத்தில் விழாமல் தாங்கும். நடுவில் தாழ்சுருதிகளை வெட்டும் ஃபில்டர் இருந்தால் இந்த மாறாத எண்ணையும் அது தின்றுவிடும் என்பதால், சிலர் அதன் குறியை அவ்வப்போது மாற்றுவார்கள், சிலர் நுண்ணிய இரைச்சலைக் கூட்டுவார்கள். ஃப்ரீவெர்ப் என்ற புகழ்பெற்ற ரிவெர்பின் மூலக்குறியீட்டிலேயே இந்த எண்களைப் பூச்சியமாக்கத் தனி வரி இருக்கிறது. எஸ்.எஸ்.இ. என்ற கூடுதல் கட்டளைத் தொகுப்பு உள்ள பிராசஸர்களில், விடை டீநார்மலாக வந்தால் பூச்சியமாக்கு என்று ஒரு பிட்டைப் போட்டும் சொல்லிவிடலாம், நிரலை எழுதியவருக்கு அது தோன்றியிருந்தால்.

பயன்படுத்துபவர் செய்யக்கூடியது: சின்தசைசர் அல்லது ரிவெர்ப் பிளக்-இன்னின் (துணைநிரலின்) புதிய பதிப்பைப் போடுங்கள், அமைப்புகளில் 'டீநார்மல்' என்று ஏதாவது பொத்தான் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ரிவெர்புக்கு முன்னால் காதுக்கு எட்டாத அளவு இரைச்சலைச் செலுத்துங்கள்.

கட்டைகளை அதிகமாகப் பிடிக்கப் பிடிக்க மீட்டர் ஏறினால் இது வேறு நோய். ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்களை 64-இலிருந்து 24-க்குக் குறையுங்கள். மீட்டர் கீழேயே இருக்க அவ்வப்போது 'டப்' என்றால் வேறொரு டிரைவர் பிராசஸரைப் பிடித்துவைத்திருக்கிறது. முதலில் வைஃபையை அணைத்துப் பாருங்கள், பிறகு மின்சேமிப்பு அமைப்பை. ரெஜிஸ்ட்ரி சுத்தம் செய்யும் மென்பொருள், தங்கமுலாம் பூசிய யு.எஸ்.பி. கேபிள் எல்லாம் எலுமிச்சை மிளகாய் ரகம். கட்டித் தொங்கவிட்டால் மனதுக்கு நிம்மதி, அவ்வளவே.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு கட்டையை அழுத்திவிட்டு, கையை எடுத்ததிலிருந்து மீட்டர் ஏறும்வரை எத்தனை நொடி என்று கடிகாரத்தில் பார்த்து எழுதுங்கள். வட்டத்தின் நீளம் தெரிந்தால், உங்கள் ரிவெர்ப் ஒவ்வொரு சுற்றிலும் எந்த எண்ணால் பெருக்குகிறது என்று இங்கிருந்தே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.