சூரியனா, எரிமலையா, நாமா? புவி சூடாவதன் காரணம் எப்படிப் பிடிபட்டது

காலநிலை மாற்றம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கேள்வி கட்டாயம் வந்துவிடும்: "பூமியின் காலநிலை எப்போதும் மாறிக்கொண்டேதானே இருந்திருக்கிறது?" கேட்பவரை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. கேள்வி நியாயமானது, அதில் உள்ள தகவலும் உண்மை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கனடாவின் பெரும்பகுதி கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது தொழிற்சாலையும் இல்லை, காரும் இல்லை. அந்தப் பனியுகத்தை வரவழைத்ததும் முடித்துவைத்ததும் எது? அதே காரணம்தான் இன்றும் வேலை செய்கிறதா?

பனியுகங்கள் வந்துபோகும் கணக்கைச் சூரியனைச் சுற்றும் பூமியின் போக்கில் தேடியவர்களில் முக்கியமானவர் செர்பியாவின் மிலுட்டின் மிலான்கோவிச். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், கணினி இல்லாமல், பல லட்சம் ஆண்டுகளுக்கான சூரிய ஒளியின் அளவைக் கையாலேயே கணக்கிட்டார். பூமியின் சுற்றுப்பாதை ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்டு சுருங்குகிறது. அதன் அச்சின் சாய்வு 22.1 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் இடையே 41,000 ஆண்டுகளில் ஏறி இறங்குகிறது. அச்சு நோக்கும் திசையும் மெல்ல மாறிக்கொண்டே போகிறது. இவையெல்லாம் சேர்ந்து, வடகோளத்தின் உயர் அட்சரேகைகளில் கோடைக்காலம் எவ்வளவு உக்கிரமாக இருக்கும் என்பதை முடிவு செய்கின்றன. கோடை சோர்ந்துபோனால் குளிர்காலத்துப் பனி முழுவதும் உருகாது. மிச்சம் ஆண்டுதோறும் சேர்ந்து பனிப்பாளமாகிவிடும். இதே கால இடைவெளிகள் ஆழ்கடல் வண்டல்களிலும் பதிவாகியிருப்பது 1976இல் தெரியவந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த மாற்றங்களால் பூமி ஓராண்டில் பெறும் மொத்த வெயிலில் பெரிய வேறுபாடு வருவதில்லை. எந்த இடத்துக்கு, எந்தப் பருவத்தில் எவ்வளவு என்ற பங்கீடுதான் மாறுகிறது. வடக்கே கோடை கொஞ்சம் மாறியதற்காக உலகமே 5, 6 டிகிரி குளிர்ந்து சூடாவானேன்? பதில் அண்டார்க்டிகாவின் பனிக்குள் இருந்தது.

அங்கே 3 கிலோமீட்டருக்கும் மேல் துளையிட்டு, உருளை உருளையாகப் பனியை வெட்டி எடுத்தார்கள். அதில் ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டுகளின் வரலாறு உறைந்திருக்கிறது. பனியில் உள்ள ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகளின்) விகிதம் அந்தக் காலத்து வெப்பநிலையைச் சொல்லும். சிறைப்பட்டிருக்கும் காற்றுக்குமிழ்கள் அந்தக் காலத்துக் காற்றையே கொடுத்துவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால், வெப்பநிலையும் கரியமில வாயுவும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குகின்றன. கரியமில வாயு காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 180க்கும் 300க்கும் இடையிலேயே ஊசலாடியிருக்கிறது.

விவாதத்தின் மிகச் சூடான இடம் இதுதான். அண்டார்க்டிகாவில் வெப்பநிலை முதலில் ஏறுகிறது, கரியமில வாயு சில நூறு ஆண்டுகள் கழித்தே ஏறுகிறது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். உடனே, "பார்த்தீர்களா, வாயு காரணமல்ல, விளைவு" என்ற வாதம் கிளம்பியது.

அந்த இடைவெளியை அளப்பது எவ்வளவு கடினம் என்று முதலில் பார்க்க வேண்டும். விழுந்த பனி உடனே இறுகிவிடாது. மேலிருந்து பல பத்து மீட்டர் ஆழம்வரை, சில இடங்களில் சுமார் 100 மீட்டர்வரை, பனித்துகள்களுக்கு நடுவே காற்று மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருக்கும். அதற்கும் கீழே போன பிறகுதான் இடைவெளிகள் அடைபட்டுக் குமிழ்களாகும். ஆகவே எந்தக் குமிழை எடுத்தாலும் உள்ளே இருக்கும் காற்று சுற்றியுள்ள பனியைவிட இளையது. பனிப்பொழிவு மிகக் குறைவான வோஸ்டாக் நிலையம் போன்ற இடங்களில் இந்த வயது வேறுபாடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள். வெப்பநிலையைப் பனியிலிருந்தும் வாயுவைக் குமிழிலிருந்தும் படிக்கிறோம், அதாவது இரண்டு வெவ்வேறு கடிகாரங்களை ஒப்பிடுகிறோம். பின்னாளில் கடிகாரங்களை இன்னும் துல்லியமாகப் பொருத்தியபோது, கடைசிப் பனியுகம் முடிந்த காலத்துக்கான இடைவெளி வெகுவாகச் சுருங்கியது.

சரி, இடைவெளி உண்மையாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வாதம் நிற்காது. அண்டார்க்டிகா முழு உலகமல்ல. உலகின் பல பகுதிகளிலிருந்து 80 பதிவுகளைத் திரட்டி 2012இல் வெளியான ஓர் ஆய்வில், உலகச் சராசரி வெப்பநிலை பெரும்பாலும் கரியமில வாயுவுக்குப் பின்னால்தான் ஏறியிருந்தது. நடந்ததை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: சுற்றுப்பாதை மாற்றம் வடக்கே பனியை உருகவைத்தது, கடல் நீரோட்டங்கள் மாறின, தெற்குக் கடல் சூடாகி, கரைத்து வைத்திருந்த வாயுவை வெளியே விட்டது, அந்த வாயு உலகம் முழுவதையும் சூடாக்கியது. கோழி முந்தியா முட்டை முந்தியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியே இங்கே பொருந்தாது. தொடக்கிவைத்தது ஒன்று, பெரிதாக்கியது மற்றொன்று.

அப்படியானால் இப்போது கூடுவதும் கடலிலிருந்து வந்ததாக இருக்கலாமே? இருந்தால் கடலில் கரிமம் குறைந்திருக்க வேண்டும். மாறாக, கடல் வாயுவை உள்ளிழுத்துக்கொண்டு மேலும் மேலும் அமிலத்தன்மை அடைந்துவருகிறது. காற்றில் சேரும் கரிமத்துக்கு ஓர் அடையாளமும் உண்டு. கரிமத்தின் கார்பன்-14 என்ற கதிரியக்க ஐசோடோப்பு சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிவிடும். பல கோடி ஆண்டுகள் மண்ணில் புதைந்திருந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அறவே இருக்காது. ஆலைப்புகை பெருகப் பெருகக் காற்றில் கார்பன்-14இன் பங்கு நீர்த்துப்போவதை 1950களிலேயே மரவளையங்களில் கண்டார் வேதியியலாளர் ஹான்ஸ் சூயெஸ். எரிமலைகள் விடும் கரியமில வாயு, மனிதர் விடுவதில் ஒரு சதவீதம்கூட இல்லை. பெரிய வெடிப்பு நடந்தால் உலகம் குளிரத்தான் செய்கிறது: 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்துக் கந்தகத் துகள்களை மேலே அனுப்பியபோது உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி இறங்கியது.

சூரியனை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது, அதுதான் எல்லாச் சூட்டுக்கும் மூலம். அதனால் அதற்கு இரண்டு சோதனைகள். முதலாவது நேரடி அளவீடு. 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஆற்றலைத் தொடர்ந்து அளக்கின்றன. சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் அது 0.1 சதவீதம் அளவுக்கு ஏறி இறங்குகிறது. பூமி வேகமாகச் சூடான இந்தக் காலம் முழுவதிலும் அதில் ஏறுமுகம் இல்லை.

இரண்டாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சூரியன் காரணமென்றால் காற்றுமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். கரியமில வாயு காரணமென்றால் கீழே சூடாகும், மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிரும். ஏனென்றால் அந்த உயரத்தைச் சூடாக்குவது ஓசோன், அது புற ஊதாக் கதிரை விழுங்குகிறது. அங்கே கரியமில வாயுவின் முக்கிய வேலை வெப்பத்தை விண்வெளிக்கு உமிழ்வது. மூலக்கூறுகள் கூடினால் உமிழ்வும் கூடும், அந்த அடுக்கு குளிரும். 1967இல் காலநிலை ஆய்வாளர்கள் சுக்குரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் இதைக் கணக்குப் போட்டே சொன்னார்கள், அளந்து பார்க்கச் செயற்கைக்கோள்கள் வருவதற்கு முன்பே. பின்னர் அளந்தபோது அப்படியே இருந்தது: கீழே சூடு, மேலே குளிர்ச்சி. ஸ்ட்ராட்டோஸ்பியரின் கீழ்ப்பகுதி குளிர்ந்ததில் ஓசோன் தேய்ந்ததற்கும் பெரும் பங்குண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஓசோன் தேய்வை மட்டும் வைத்து மேற்பகுதிக் குளிர்ச்சியை விளக்க முடிவதில்லை. இப்படிக் காரணிகளின் கைரேகைகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும் முறையை வளர்த்த கிளாவுஸ் ஹாசல்மனும் மனாபேயும் 2021இல் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றவர்களில் அடங்குவர்.

மிலான்கோவிச்சின் சுற்றுப்பாதைக் கணக்கோ, கடந்த சில ஆயிரம் ஆண்டுகளாக வடகோளத்தை மெல்லக் குளிர்விக்கும் திசையில்தான் தள்ளிவந்திருக்கிறது. அந்தத் தள்ளலையும் மீறித்தான் இப்போது வெப்பம் ஏறுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது.

அறிஞர்கள் இன்று உண்மையிலேயே மல்லுக்கட்டுவது வேறிடத்தில். கரியமில வாயு இருமடங்கானால் உலகம் எத்தனை டிகிரி சூடாகும்? 1979இல் 1.5 முதல் 4.5 வரை என்றார்கள். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021இல் அதை 2.5 முதல் 4 வரை என்று சுருக்கியது. அதற்கு மேல் சுருங்கவிடாமல் தடுப்பவற்றில் முதலிடம் மேகங்களுக்கு. தாழ்ந்த மேகங்கள் வெயிலைத் திருப்பியடிக்கும், உயர்ந்த மெல்லிய மேகங்கள் வெப்பத்தைப் பிடித்துவைக்கும், பூமி சூடானால் எது எவ்வளவு கூடும் என்பது இன்னும் முழுதாகத் தீராத கணக்கு. புகையில் உள்ள கந்தகத் துகள்கள் மேகங்களை வெளுக்கவைத்து இத்தனை காலம் வெப்பத்தில் ஒரு பகுதியை மறைத்துவந்தன. 2020இல் கப்பல் எரிபொருளில் அனுமதிக்கப்படும் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. காற்றைச் சுத்தமாக்கிய இந்த நல்ல முடிவு, 2023ஆம் ஆண்டின் திடீர் வெப்ப ஏற்றத்துக்கு எவ்வளவு காரணம் என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது.