கடல் மேல் ஹெலிகாப்டர் பயணம்: ஏறுவதற்கு முன் பயணிக்கு என்ன பயிற்சி, என்ன பாதுகாப்பு?

கடல் நடுவே உள்ள எண்ணெய்த் தளத்திலோ ரிக்கிலோ வேலை கிடைத்துவிட்டது என்பதற்காக யாரையும் நேராக ஹெலிகாப்டரில் ஏற்றிவிட மாட்டார்கள். மருத்துவத் தகுதிச் சான்றிதழும் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். இதில் பயிற்சியைப் பலர் வேலைக்குச் சேர்வதற்கான ஒரு காகிதமாக மட்டும் பார்க்கிறார்கள். அதுதான் எனக்குக் கவலை. அந்தப் பயிற்சியும் அதோடு சேர்ந்த விதிகளும் மனித உயிர்கள் போனபின் எழுதப்பட்டவை.

பெரும்பாலான நிறுவனங்கள் கேட்பது போசியட் (BOSIET) என்ற அடிப்படைக் கடல் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ். இதன் பாடத்திட்டத்தை வகுப்பது ஓபிட்டோ. அது அரசுத் துறை அல்ல, எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான பயிற்சித் தரங்களை நிர்ணயிக்கும் அமைப்பு. வழக்கமாக 3 நாள் பயிற்சி. தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர் தப்புதல், நீரில் மூழ்கிய ஹெலிகாப்டரிலிருந்து வெளியேறும் ஹியூட் பயிற்சி எல்லாம் இதற்குள் வரும். சான்றிதழ் 4 ஆண்டு செல்லும். அது முடிவதற்குள் ஃபோயட் என்ற ஒரு நாள் புதுப்பிப்புப் பயிற்சியை முடித்துவிட வேண்டும். தேதி தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து போசியட்தான். வெப்பமான கடல் பகுதிகளுக்கு டி-போசியட் என்ற தனி வகை உண்டு. அதில் குளிர்நீர் உடைப் பயிற்சி கிடையாது என்பதால் வட கடல் போன்ற குளிர்ந்த பகுதி வேலைக்கு அது உதவாது. சொந்தக் காசு போட்டுப் படிப்பவர்கள் பணம் கட்டும் முன் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் வேலைக்கு எந்த வகை வேண்டும், அந்தப் பயிற்சி மையத்துக்கு அந்த வகைக்கு ஓபிட்டோ அங்கீகாரம் இருக்கிறதா.

சரி, ஹியூட்டில் என்னதான் நடக்கிறது? ஹெலிகாப்டரின் இன்ஜினும் கியர்பாக்ஸும் உச்சியில் இருக்கின்றன. பாரம் மேலே இருப்பதால் கடலில் இறங்கிய ஹெலிகாப்டர் எளிதில் தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். மிதவைகள் அதை மூழ்காமல் தாங்கிப் பிடிக்கலாம், ஆனால் உள்ளே இருப்பவர் தலை நீருக்குள் இருக்கும். அதனால் பயிற்சிக் குளத்தில் ஒரு மாதிரிக் கூண்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, நீரில் இறக்குவார்கள். முதலில் நேராக, அப்புறம் தலைகீழாகப் புரட்டி. பக்கத்திலேயே நீரில் பயிற்சியாளர் இருப்பார்.

புரண்ட அந்த நொடியில் மூக்கில் தண்ணீர் ஏறும், கண்ணெதிரே குமிழிகள் மட்டும் தெரியும், மேல் எது கீழ் எது என்று புரியாது. ஆனால் ஒன்று மாறாது. உங்கள் வலக்கைப் பக்கம் இருந்த ஜன்னல் இப்போதும் வலக்கைப் பக்கம்தான் இருக்கும், ஏனென்றால் நீங்களும் கூண்டோடு சேர்ந்தே திரும்பியிருக்கிறீர்கள். அதனால்தான் ஒரு கையை ஜன்னல் சட்டத்திலிருந்து எடுக்கவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஜன்னலைத் தள்ளித் திறந்து, சட்டத்தைப் பிடித்துக்கொண்ட பிறகே பெல்ட்டை விடுவிக்க வேண்டும். பதற்றத்தில் முதலில் பெல்ட்டைக் கழற்றினால் உடல் மிதந்து எங்கோ போய்விடும், ஜன்னலைத் தள்ள ஊன்றிக்கொள்ள எதுவும் இருக்காது. லைஃப் ஜாக்கெட்டை உள்ளே இருக்கும்போது ஊதவே கூடாது. ஊதினால் அதுவே உங்களை மேலே தூக்கி, வெளியேற முடியாமல் அழுத்தி வைத்துவிடும்.

இவ்வளவும் மூச்சு தாங்கும் வரைதான். குளிர்ந்த நீர் பட்டதும் உடல் தானாக மூச்சை உள்ளே இழுக்கும். வழக்கமாக ஒரு நிமிடம் மூச்சடக்குபவர்கூட அங்கே சில நொடிகளில் திணறுவார். 2009 மார்ச் 12 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் எஸ்-92 ரக ஹெலிகாப்டர் ஒன்று, கியர்பாக்ஸ் எண்ணெய் கசிந்து கடலில் விழுந்தது. இருந்த 18 பேரில் 17 பேர் இறந்தார்கள். நீருக்குள் சிறிது நேரம் மூச்சுவிட உதவும் அவசரகால மூச்சுக் கருவி அப்போது அங்கே பயணிகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. விபத்துக்குப் பிறகே கொடுத்தார்கள்.

கருவி இருந்தும் பயன்படாமல் போன கதையும் உண்டு. 2013 ஆகஸ்ட் 23 அன்று பிரிட்டனின் ஷெட்லாந்து தீவுகளில் சம்பர்க் அருகே சூப்பர் பூமா ரக ஹெலிகாப்டர் ஒன்று கடலில் விழுந்து கவிழ்ந்தது. 18 பேரில் 4 பேர் இறந்தார்கள். பயணிகளிடம் இருந்த மூச்சுக் கருவிக்குள் சொந்தமாகக் காற்று இருந்தது. ஆனால் பயணத்துக்கு முந்தைய விளக்கத்தில் அது தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. முதலில் நம் மூச்சை அதற்குள் ஊத வேண்டும், நீருக்குள் போனபின் அதனால் பயனில்லை என்று நினைத்தவர் அதைத் தொடவே மாட்டார். ஒரு வாக்கியம் விட்டுப்போனதன் விலை இது.

இதன்பின் பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் 2014 பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டு விதிகளை இறுக்கியது. நீருக்குள் போனபின்னும் வாயில் பொருத்திக்கொள்ளக்கூடிய 'ஏ' வகை மூச்சுக் கருவி பயணிகளுக்கு வந்தது. அலை மிக உயர்ந்து மீட்பு கடினமாகும் நாட்களில் சாதாரணப் பயணம் தடை செய்யப்பட்டது. 2015 ஏப்ரல் முதல் தோள் அகலத்தையும் அளக்கிறார்கள். ஏன் என்றால், சில ஹெலிகாப்டர்களின் மிகச் சிறிய ஜன்னல் 17-க்கு 14 அங்குலம், அதன் மூலைவிட்டம் சுமார் 22 அங்குலம். தோள் அகலம் 22 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் பெரிய ஜன்னல் அருகே இடம் ஒதுக்கியாக வேண்டும். அளவெடுப்பதை அவமானமாக நினைக்க வேண்டாம். அந்த இருக்கை உங்கள் உரிமை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் இதற்கென்றே தனி விதித்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. கடல்நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தாலோ, மீட்புப் படை வந்து சேரும் நேரம் நீரில் உயிர் தாங்கும் நேரத்தைவிட அதிகமாக இருந்தாலோ குளிர்காப்பு உடை கட்டாயம். மற்ற நாடுகளில் விதி வேறுபடும் என்பதால் நீங்கள் போகும் நாட்டில் எது நடைமுறை என்பதை வேலை கொடுப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

மருத்துவப் பரிசோதனையில் எதையும் மறைக்காதீர்கள். அழுத்திய காற்று அடைத்த மூச்சுக் கருவியில் மூச்செடுத்தபடி மேலே வரும்போது மூச்சை அடக்கினால், ஆழம் குறைவாக இருந்தாலும் நுரையீரல் கிழியக்கூடும். ஆஸ்துமாவோ நுரையீரல் கோளாறோ இருப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். வெளியேறும் வரை சீராக மூச்சு விட்டுக்கொண்டே வர வேண்டும் என்று பயிற்சியில் சொல்வது இதற்காகத்தான்.

பயண நாளில் உங்களையும் பையையும் எடை போடுவார்கள், தீப்பெட்டி, லைட்டர் இருந்தால் வாங்கிவிடுவார்கள். அதெல்லாம் சுலபம். கவனம் வேண்டியது ஏறும் முன் காட்டும் பாதுகாப்பு விளக்கப் படத்தில். ஐம்பது முறை பார்த்திருந்தாலும் இன்று மாட்டியிருக்கும் கருவி எந்த வகை, இன்று ஏறும் ஹெலிகாப்டரில் ஜன்னலை எந்த இடத்தில் தள்ள வேண்டும் என்பது மாறியிருக்கலாம். மொழி புரியவில்லை என்றால் கையை உயர்த்திக் கேளுங்கள், தயங்க வேண்டாம். மூச்சுக் கருவியின் வாய்ப்பகுதி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கையால் தேடிப் பாருங்கள். உட்கார்ந்ததும் பக்கத்து ஜன்னலைத் தொட்டுப் பார்த்து, அது எந்தக் கைப் பக்கம் என்பதை மனதில் வையுங்கள். விசிறி சுழன்றுகொண்டிருக்கும்போது ஹெலிகாப்டரின் வால் பக்கம் போகவே கூடாது, தளத்தில் வழிகாட்டுபவர் கை காட்டிய பிறகுதான் நகர வேண்டும்.

கரைக்குத் திரும்பும் பயணத்துக்கும் இதே உடை, இதே விளக்கம், இதே விதிகள்தான். அதனால் சான்றிதழ் தேதியைப் பார்க்கும்போது போகும் நாளை மட்டும் பார்க்காமல், வேலை முறை முடிந்து திரும்பும் நாளையும், வானிலையால் தாமதமானால் கூடும் நாட்களையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.