6.7 மில்லிமீட்டர்

ஹோண்டா எஸ்2000 காரை நேசிப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்து நிற்கும்: ஏபி1-ஆ, ஏபி2-ஆ? முதலில் வந்ததா, பின்னால் வந்ததா? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கார். அதே நீண்ட மூக்கு, அதே இரண்டு இருக்கை, அதே துணிக்கூரை. முன்விளக்கும் பம்பரும் கொஞ்சம் மாறியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஓட்டுபவரின் காதுக்கும் கைக்கும் இடுப்புக்கும் இவை வேறு வேறு கார்கள். ரசனையின் பெயரால் நடக்கும் இந்த வாதத்துக்கு அடியில் இருப்பது முழுக்க இயற்பியல். என்ஜினுக்குள் ஒரு நீளத்தில் 6.7 மி.மீ. மாற்றம், பின்சக்கரங்களின் கோணத்தில் ஒரு சிறு மாற்றம். பெரும்பாலான சண்டைக்கு இவை இரண்டே போதும்.

ஹோண்டா நிறுவனம் 1948-ல் தொடங்கியது. அதன் 50 ஆண்டு நிறைவை ஒட்டி 1999-ல் எஸ்2000 வந்தது. என்எஸ்எக்ஸ் காரை உருவாக்கிய உஎஹரா ஷிகெருதான் இதற்கும் தலைமைப் பொறியாளர். எடை சுமார் 1,250 கிலோ. என்ஜின் முன்அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருப்பதால், முன்னும் பின்னும் எடை பாதிக்குப் பாதி. தொடக்க கார்களில் இருந்தது எஃப்20சி என்ற 1,997 சிசி என்ஜின். காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டர்போ கிடையாது. அப்படியும் அமெரிக்க வடிவில் 240 குதிரைத்திறன், ஜப்பானில் 250. ஒரு லிட்டருக்கு 120 குதிரைத்திறனுக்கு மேல். சாலையில் ஓடும் டர்போ இல்லாத காருக்கு அன்று இது மலைக்க வைக்கும் எண். இன்றும் மதிப்பு குறையாத எண் என்றே சொல்வேன்.

டர்போ இல்லாமல் இவ்வளவு திறன் எங்கிருந்து வருகிறது? திறன் என்பது முறுக்குவிசையைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது. இரண்டு லிட்டர் என்ஜின் ஒரு மூச்சுக்கு இழுக்கும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவை மிகுந்த பாடுபட்டாலும் சில சதவீதம்தான் கூட்ட முடியும். மிச்சமிருக்கும் வழி, அதே மூச்சை நிமிடத்துக்கு இன்னும் அதிக முறை இழுப்பது. அதனால்தான் இந்த என்ஜினின் டயலில், சுழற்சி இதற்கு மேல் போகக்கூடாது என்று காட்டும் சிவப்புக்கோடு 9,000-ல் தொடங்குகிறது.

9,000 என்றால் என்ன என்று ஒரு பிஸ்டனுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்போம். நிமிடத்துக்கு 9,000 சுற்று, விநாடிக்கு 150 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வர வேண்டும். உச்சியில் ஒரு கணம் நின்று திரும்ப வேண்டும், அடியிலும் அப்படியே. ஆக, விநாடிக்கு 300 முறை அது முழுதாக நின்று மறுபடி கிளம்புகிறது. எஃப்20சி-யில் பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 84 மி.மீ. கணக்குப் போட்டால் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 25.2 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர்! உள்ளங்கை அகலத்துக்குள் நின்று நின்று ஓடியே இந்தச் சராசரி வேகம்.

உண்மையான சோதனை நின்று திரும்பும் அந்தக் கணம். உச்சியில் பிஸ்டனைக் கீழே இழுக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 4,800 மடங்கு. பிஸ்டன் 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் அதைப் பிடித்து இழுக்கும் கனெக்டிங் ராட் தாங்கும் சுமை 1,400 கிலோவுக்கு மேல். காரின் மொத்த எடையைவிட அதிகம். ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 150 தடவை இது நடக்கிறது.

இதை வேறு எதோடு ஒப்பிடலாம் என்று தேடினால் பதில் பந்தயக் களத்தில் கிடைக்கிறது. 2007, 2008-ல் ஃபார்முலா 1 கார்களில் இருந்தது 2.4 லிட்டர் எட்டு சிலிண்டர் என்ஜின். சிலிண்டரின் விட்டம் 98 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, சுழற்சி 19,000-ஐத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்த விட்டத்துக்கு ஸ்ட்ரோக் 39.8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். 19,000 சுற்றில் அந்த பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: விநாடிக்கு 25.2 மீட்டர். எஸ்2000-ன் பிஸ்டன் வேகமும் அதேதான். பந்தய என்ஜினைக் குறுகிய ஆயுளுக்கே செய்கிறார்கள். இதையோ கடைக்குப் போகவும் அலுவலகம் போகவும் உத்தரவாதத்தோடு விற்றார்கள். இந்த ஒற்றுமையை முதன்முதலாகக் காகிதத்தில் போட்டுப் பார்த்த நாள் முதல் இந்த என்ஜின் மீது எனக்கு ஒரு மரியாதை.

இப்போது ஏபி2-க்கு வருவோம். 2004 மாடலில் அமெரிக்காவுக்கு எஃப்22சி1 என்ற புது என்ஜின் போனது. சிலிண்டரின் விட்டம் அதே 87 மி.மீ. ஸ்ட்ரோக் மட்டும் 84-லிருந்து 90.7 ஆனது. தலைப்பில் சொன்ன 6.7 மி.மீ. இதுதான். கொள்ளளவு 2,157 சிசி ஆனது, ஒரு மூச்சுக்கு இழுக்கும் காற்று கூடியது. ஆனால் பிஸ்டன் ஓட வேண்டிய தூரமும் கூடிவிட்டது. இந்த நீண்ட ஸ்ட்ரோக்கோடு 9,000 சுற்றைத் தொட்டால் சராசரி வேகம் விநாடிக்கு 27.2 மீட்டராகும். உச்சியில் கனெக்டிங் ராட் தாங்கும் இழுவையும் பத்து சதவீதம் ஏறும். பொறியாளர்கள் சிவப்புக்கோட்டை 8,000-க்கு இறக்கினார்கள். பிஸ்டன் வேகம் 24.2-க்கு வந்தது.

ஆயிரம் சுற்று குறைந்தது காதுக்கு எப்படித் தெரியும்? நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 8,000-ல் விநாடிக்கு 267 வெடிப்பு, 9,000-ல் 300. பாட்டுக் கற்றவர்களுக்கு இந்த எண்கள் பழக்கமானவை. 267 ஒரு கட்டைச் சுருதிக்குச் சற்று மேலே, 300 இரண்டு கட்டைக்குச் சற்று மேலே. இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் சரியாக 9-க்கு 8. ஸட்ஜமத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்கு ஏறும் அதே தூரம். பின்னால் வந்த என்ஜின் ‘ஸ’-வில் நிற்கும் இடத்தில், முன்னால் வந்தது ‘ரி’ வரை ஏறிவிட்டுத்தான் கியர் கேட்கும். ஏபி1 ரசிகர் “அந்தக் கடைசி ஆயிரம்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதை நான் மிகைப்பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் காது கேட்டது ஒரு முழு ஸ்வரம்.

அந்த உச்சிக்குப் போகும் வழியில் ஒரு வாசல் இருக்கிறது, வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றும் விடெக். வால்வுகளை முட்டித் திறக்கும் சுழல்தண்டான கேம்ஷாஃப்டில் மென்மையான ஓட்டத்துக்குச் சிறிய முட்டுகளும், வேகத்துக்குப் பெரிய முட்டு ஒன்றும் பக்கம் பக்கமாக இருக்கும். சுமார் 6,000 சுற்று வரை சிறிய முட்டுகள் வால்வுகளை அளவாகத் திறக்கும். அதைத் தாண்டியதும் ஆயில் அழுத்தம் ஒரு சிறு பின்னைத் தள்ளி, வால்வுகளைத் திறக்கும் நெம்புகோல்களை ஒன்றாகப் பூட்டும். அந்த நொடியிலிருந்து பெரிய முட்டுதான் ராஜா. வால்வுகள் ஆழமாகவும் நெடுநேரமும் திறக்கும், என்ஜினின் குரல் உடைந்து வேறு குரலாகும். ஏபி1-ல் இந்த வாசலிலிருந்து உச்சி வரை சுமார் 3,000 சுற்று இடம். ஏபி2-ல் சுமார் 2,000.

அப்படியானால் ஏன் மாற்றினார்கள்? சிக்னலிலிருந்து கிளம்பும் காரில் யாரும் 7,500 சுற்றில் கிளம்புவதில்லை. எஃப்20சி-யின் உச்ச முறுக்குவிசை 207 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பதே 7,500-ல். அதற்குக் கீழே, அன்றாடம் ஓட்டும் இடத்தில், அது சாதுவான இரண்டு லிட்டர் என்ஜின். வேகத்துக்காக அமைத்த காற்றுப்பாதைகளும் வால்வு நேரமும் தாழ்ந்த சுற்றில் காற்றை நன்றாக நிரப்புவதில்லை. புது என்ஜின் 220 நியூட்டன் மீட்டரை 6,500-லேயே தந்தது. முதல் நான்கு கியர்களையும் ஏறத்தாழ நான்கு சதவீதம் குட்டையாக்கினார்கள், அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு என்ஜின் கொஞ்சம் அதிகம் சுழலும், இழுவை கூடும். இரண்டையும் சேர்த்தால், அதே கியரில் சக்கரத்துக்கு வரும் உச்ச இழுவை பத்து சதவீதம் அதிகம். உச்ச குதிரைத்திறன் மாறவே இல்லை, அதே 240. ஏபி2 ரசிகர் “ஒவ்வொரு தடவையும் கியரைக் குறைத்துக் கெஞ்ச வேண்டாம், மிதித்தால் போகும்” என்கிறார். அதுவும் உண்மைதான்.

ஆனால் மலைப்பாதையில் கணக்கு திரும்புகிறது. இரண்டாவது கியரில் 9,000 வரை இழுத்தால் ஏபி1 மணிக்குச் சுமார் 110 கி.மீ. தொடும். ஏபி2-ன் குட்டைக் கியரும் 8,000 எல்லையும் சேர்ந்து அதே இரண்டாவது கியர் 93 கி.மீ. பக்கம் முடிந்துவிடும். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே இருக்கும் குறுகிய நேர்ப்பாதையை ஏபி1 ஒரே மூச்சில் பாடி முடிக்கும். ஏபி2-வில் நடுவில் ஒருமுறை கிளட்சை மிதித்து மூன்றாவதுக்குப் போய், அடுத்த வளைவுக்கு மறுபடி இரண்டாவதுக்கு வர வேண்டும்.

வேகச் சுழற்சிக்கு ஒரு விலையும் உண்டு. நான்காவதுக்கு இறங்க நினைத்து அவசரத்தில் இரண்டாவதில் போட்டுவிட்டால், சக்கரங்கள் என்ஜினைப் பிடித்துத் தாறுமாறாகச் சுழற்றும். சுழற்சி எல்லையைக் காக்கும் கருவியால் பெட்ரோலைத்தான் நிறுத்த முடியும், சக்கரம் சுழற்றுவதை நிறுத்த முடியாது. அப்படி ஒருமுறை நடந்த ஏபி1 என்ஜின்களில் வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் வட்டமான ரிடெய்னரில் விரிசல் விழுவது உண்டு. விரிசல் உடனே தன்னைக் காட்டாது, மாதங்கள் கழித்து வால்வை சிலிண்டருக்குள் விழவிடலாம். ஏபி2-ன் ரிடெய்னர் உறுதியானது. விவரம் தெரிந்தவர்கள் அதை வாங்கித் தங்கள் பழைய என்ஜினில் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய ஏபி1 வாங்குபவர் வால்வு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

இனி பின்சக்கரம். முதல் கார்களுக்கு ‘திடீரென்று பின்பக்கம் வீசிவிடும்’ என்று ஒரு பெயர் உண்டு. அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள, நிற்கும்போது இரு பாதங்களின் நுனியும் ஒன்றையொன்று பார்த்து லேசாக உள்ளே திரும்பியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரங்கள் அப்படி இருந்தால் அதற்கு டோ-இன் என்று பெயர். ஏபி1-ன் பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது டோ-இன் கணிசமாகக் கூடும்படி அமைத்திருந்தார்கள். வலப்பக்கம் வளையும்போது உடல் இடப்பக்கம் சாயும், இடது பின்சக்கரம் அமுங்கும். டோ-இன் கூடி அது வளைவின் உள்பக்கம் பார்க்கும். அந்தப் பக்கம் தள்ளும் பிடிப்பு கூடி, பின்பக்கம் ஆணி அடித்தது போல நிற்கும். ஓட்டுபவருக்குத் துணிச்சல் வரும், இன்னும் வேகமாகப் போவார்.

அங்கேதான் ஆபத்து. வேகம் அதிகமோ என்று பயந்து வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். எடை முன்னால் பாய்கிறது, பின்பக்கம் எழுகிறது. பின்டயர் மீதிருந்த சுமை குறைவதால் பிடிப்பு குறைகிறது. அதே கணத்தில் சஸ்பென்ஷன் நீள்வதால் டோ-இன்னும் குறைந்து, அது கொடுத்துவந்த உதவியும் போய்விடுகிறது. இரண்டு நஷ்டம் ஒரே நேரத்தில். சாலை ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம், கார் வால் வீசித் திரும்பிவிடும். வளைவில் ஒரு மேடு வந்தாலும் பின்சக்கரம் தானே கொஞ்சம் ஸ்டியரிங் செய்துகொள்ளும்.

2004 மாடலில் இந்த அமைப்பைத் திருத்தி, சக்கரம் ஏறி இறங்கும்போது டோ மாறும் அளவைக் குறைத்தார்கள். 16 அங்குலச் சக்கரம் 17 ஆனது, பின்டயரின் அகலம் 225-லிருந்து 245 மி.மீ. ஆனது. ஸ்டியரிங் விகிதத்தையும் மந்தமாக்கினார்கள், அதே வளைவுக்குக் கொஞ்சம் அதிகம் திருப்ப வேண்டும். 2006 மாடலில் அமெரிக்க கார்களுக்கு, சறுக்கலைத் தானே அடக்கும் மின்னணு நிலைப்பாட்டுக் கட்டுப்பாடும் வந்தது. கார் மன்னிக்கக் கற்றுக்கொண்டது. பழைய காரின் கூர்மையை நேசித்தவர்களுக்கு இது இழப்பாகப் பட்டது. அவர்களோடு இங்கே எனக்கு உடன்பாடில்லை. அடுத்த கணம் என்ன செய்யும் என்று ஊகிக்க முடிகிற காரில்தான் ஓட்டுபவர் அதன் எல்லைக்குப் பக்கத்தில் நிம்மதியாக நெடுநேரம் இருக்க முடியும். ஆனால் மந்தமான ஸ்டியரிங் விஷயத்தில் அவர்கள் பக்கமே நியாயம். 2008 மாடலாக அமெரிக்காவில் வெளியிட்ட, கடினமான சஸ்பென்ஷன் கொண்ட சிஆர் வடிவத்தில் ஹோண்டாவே அதை மறுபடி வேகமாக்கியது.

இந்த வாதம் ஏபி1, ஏபி2 என்ற இரண்டு பெயர்களிலேயே சுற்றுவதால் பலர் கவனிக்காமல் விடும் ஒரு கார் இருக்கிறது. 2.2 லிட்டர் என்ஜின் அமெரிக்காவுக்கு 2004 மாடலிலும் ஜப்பானுக்கு 2005 கடைசியிலும்தான் போனது. ஐரோப்பாவுக்குப் போகவே இல்லை. ஆகவே 2004-லிருந்து உற்பத்தி முடிந்த 2009 வரை ஐரோப்பாவில் விற்ற எஸ்2000-களிலும், ஜப்பானில் நடுவே சுமார் இரண்டு வருஷம் விற்றவற்றிலும், திருத்திய சஸ்பென்ஷனும் 17 அங்குலச் சக்கரமும் உண்டு, மூக்கின் கீழே பழைய எஃப்20சி-யும் உண்டு. என்னைக் கேட்டால் நான் கை நீட்டுவது அந்தக் காரின் சாவிக்குத்தான். பின்னால் 245 மி.மீ. டயர், டயலில் சிவப்பு 9,000-ல்.