105 யூனிட் உச்சவரம்பு: மால்மோ கடலோரக் குடியிருப்பின் எரிசக்தி விதி

சுவீடனின் தென்கோடியிலுள்ள மால்மோ நகரில், கப்பல் கட்டும் தொழில் நொடித்துப்போன மேற்குத் துறைமுகப் பகுதியில், 2001ஆம் ஆண்டு வீட்டுவசதிக் கண்காட்சியாகத் திறக்கப்பட்ட குடியிருப்பு ‘போ01’ ஆகும். நிலம் நகராட்சியின் கையில் இருந்ததால், மனை வாங்கிய கட்டுநர்கள் அனைவரும் ‘தரத் திட்டம்’ என்ற பொது ஆவணத்துக்கு உடன்பட வேண்டியிருந்தது. மத்திய அரசும் தனது உள்ளூர் முதலீட்டுத் திட்டத்தின் கீழ் 25 கோடி குரோனர் மானியம் அளித்தது.

அந்த ஆவணத்தின் முதன்மையான விதிப்படி, ஒரு சதுர மீட்டர் தளப்பரப்புக்கு ஆண்டுக்கு 105 யூனிட்டுக்கு (கிலோவாட் மணி) மேல் எரிசக்தி செலவாகக் கூடாது. 80 சதுர மீட்டர் வீடு என்றால் ஆண்டுக்கு 8,400 யூனிட். அறைகளைச் சூடாக்குவது, வெந்நீர், விளக்கு, குளிர்பதனப் பெட்டி எல்லாம் இதற்குள் அடக்கம். வீட்டு மின்சாரத்தையும் சேர்த்தே கணக்கிட்டதுதான் இவ்விதியின் கடுமை.

அந்த எரிசக்தி முழுவதும் உள்ளூரிலேயே, புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து கிடைக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. தரைக்கடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையின் நீர்த்தேக்கத்தில் கிணறுகள் தோண்டப்பட்டன. கோடையில் குளிர்ந்த கிணறுகளின் நீர் வீடுகளைக் குளிர்விக்கிறது. அப்போது அது ஏற்கும் வெப்பம் மற்றக் கிணறுகளில் சேர்கிறது. குளிர்காலத்தில் ‘வெப்ப ஏற்றி’ (heat pump) என்ற மின்கருவி அதையும் கடல்நீரின் வெப்பத்தையும் உறிஞ்சி வீடுகளுக்கு அனுப்புகிறது. ஏற்றி இயங்குவதற்கான மின்சாரத்துக்கென அருகில் 2 மெகாவாட் காற்றாலை நிறுவப்பட்டது. கூரைகளில் 1,400 சதுர மீட்டர் சூரிய வெப்பத் தகடுகளும் உண்டு. எனினும் இக்குடியிருப்பு தனித்தீவு அன்று. நகரின் மின்கட்டமைப்போடும் வெப்பக் குழாய்களோடும் இணைந்திருப்பதால், மிகும்போது கொடுத்தும் குறையும்போது வாங்கியும், ஆண்டுக் கணக்கில்தான் ‘நூறு விழுக்காடு’ நேர்செய்யப்படுகிறது.

முற்றங்களுக்கும் விதி இருந்தது: 35 பசுமை அம்சங்கள் கொண்ட பட்டியலிலிருந்து, வீட்டுக்கொரு பறவைக் கூட்டுப் பெட்டி என்பது போல, குறைந்தது பத்தைக் கட்டுநர் நிறைவேற்ற வேண்டியிருந்தது.

ஆனால் குடிவந்த பின் அளந்து பார்த்தபோது, பல கட்டடங்கள் 105ஐத் தாண்டியிருந்தன. வரைபட நிலையில் போட்ட கணக்கு, ஓரெசுண்ட் நீரிணையை நோக்கிய அகலமான கண்ணாடிச் சுவர்கள் இழக்கும் வெப்பத்தைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தது. கடல் தெரியும் என்றுதானே அந்த வீடுகள் விலைபோயின! இந்த அனுபவத்துக்குப் பின், அடுத்த கட்டமான ஃபிளாக்ஹூசனில் நகராட்சி கட்டுநர்களை முன்கூட்டியே அழைத்துப் பேசி, இலக்கை 120 யூனிட்டாக நிர்ணயித்தது.