மனச்சோர்வு சிகிச்சை: சட்டம் தருவதும் கவுன்ட்டரில் மறுப்பதும்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018-ல் நடைமுறைக்கு வந்தது. பின்கதை அவ்வளவு போதும். மனச்சோர்வோடு இருப்பவரும் அவரைக் கூட்டிக்கொண்டு அலையும் வீட்டாரும் அதில் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று பிரிவுகள்: 18, 21, 115. இவை தெரியாமல் கடன் வாங்கித் தனியாரில் கட்டியவர்கள் இருக்கிறார்கள். காசில்லாமல் மாத்திரையைப் பாதியில் விட்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வகையினரையும் நிறையவே பார்த்தாகிவிட்டது.

முதலில் மருந்து. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மனநல மருந்துகளைச் சமூக சுகாதார நிலையம் தொடங்கி அதற்கு மேலுள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எல்லா நேரமும், இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 18-வது பிரிவு. ஏழைக்கு மட்டும் என்று அதில் இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குச் சிகிச்சை முழுவதுமே இலவசம். அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. ஆக, "கார்டு எடுத்துட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள்.

ஆனால் சட்டம் ஒரு பக்கம், கிழமை ஒரு பக்கம். தாலுகா மருத்துவமனைகளில் பெரும்பாலும் மனநல மருத்துவர் தினமும் இருப்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட நாளில்தான் வரும். அந்த நாளை வாசலில் பெரிதாக எழுதிப் போட என்ன தடையோ தெரியவில்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போய், "டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார்" என்று கேட்டுத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள். 14416 என்பது டெலிமானஸ், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி எண். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பக்கத்தில் எங்கே போய்ப் பார்க்கலாம் என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

அடுத்தது "ஸ்டாக் இல்லை, வெளியில் வாங்கிக்கோங்க." எஸ்சிடாலோபிராம், ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நன்றாகிவிட்ட பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். திடீரென்று நின்றால் தலைசுற்றல், படபடப்பு, தூக்கக் கேடு வரலாம், நோயும் திரும்பலாம். அதனால் கடைசி மாத்திரை வரை காத்திருக்காமல், ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே மருந்து வாங்கப் போய்விடுங்கள். இல்லை என்று சொன்னால், "இருப்பு இல்லை" என்று ஓபி சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் சில நேரம் மாத்திரை வந்துவிடும்! வராவிட்டால் அந்தச் சீட்டோடு மருத்துவமனைப் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் முதல்வரின் உதவி எண்ணான 1100-க்கும் சொல்லலாம். இடைப்பட்ட நாட்களுக்கு மக்கள் மருந்தகத்தில் கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் மூலப்பெயரைச் சொல்லிக் கேட்டால் விலை குறைவு. மருந்தாளுநர் சொல்கிறார் என்று வேறு மாத்திரைக்கு மாறாதீர்கள். எழுதிய மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

பேச்சு சிகிச்சை கேட்டால்தான் கிடைக்கும். கூட்டம் அப்படி, இரண்டு நிமிடத்தில் மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். மாவட்டக் குழுவில் உளவியலாளருக்கும் சமூகப் பணியாளருக்கும் இடம் உண்டு. "எனக்குக் கவுன்சலிங் வேண்டும், நாள் குறித்துக் கொடுங்கள்" என்று நேராகவே கேளுங்கள். லேசான மனச்சோர்வில் அதுவே போதுமானதாக இருக்கலாம். கடுமையானதில் மருந்தும் கூடவே வேண்டும். உடற்பயிற்சியும் நிஜமாகவே உதவும். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போன்ற ஏதாவது ஒன்றை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதற்கு மட்டும் எந்த ஆபீஸிலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் "நடந்தால் சரியாகிவிடும், மாத்திரையைத் தூக்கிப் போடு" என்கிற உறவினரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது, கேஸ் ஆகிவிடும் என்று பயந்து "தெரியாமல் குடித்துவிட்டார்" என்று வீட்டார் சொல்கிறார்கள். அந்தப் பொய்யால் அவருக்கு மனநல சிகிச்சையே கிடைக்காமல் போகிறது. 115-வது பிரிவின்படி, வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும். போலீஸ் வந்து விசாரிக்கலாம். அதற்காக மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இனி இன்ஷூரன்ஸ். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். உடல் நோய்க்கு எப்படியோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 21-வது பிரிவின் 4-வது உட்பிரிவு சொல்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018-ல் இதை நினைவூட்டியது. எல்லா பாலிசிகளும் அக்டோபர் 31-க்குள் இதற்கு இணங்க வேண்டும் என்று 2022-ல் மறுபடியும் உத்தரவு போட்டது. ஒரு சட்டத்தை மதிக்கச் சொல்ல இரண்டு சுற்றறிக்கை.

பாலிசி எடுக்கும்போதே ஒரு பொறி இருக்கிறது. விண்ணப்பத்தில் பழைய நோய் பற்றிய கேள்விக்கு ஏஜென்ட் தானாகவே "இல்லை" என்று டிக் போட்டுவிடுவார். "தூக்க மாத்திரைதானே சார், அதையெல்லாம் எழுத வேண்டாம்" என்பார். க்ளெய்ம் வரும்போது அந்த டிக்கைக் காட்டித்தான் நிராகரிப்பார்கள். ஏஜென்ட் அப்போது போன் எடுக்க மாட்டார். உண்மையை எழுதுங்கள். எழுதினால் காத்திருப்புக் காலம் வரும், அதாவது அந்த நோய்க்கு அதுவரை க்ளெய்ம் கிடைக்காது. அது அதிகபட்சம் மூன்று வருடம்தான்.

இன்னொன்று, பெரும்பாலான பாலிசிகள் வெளிநோயாளிச் செலவைத் தருவதில்லை. மாதாமாதம் மருத்துவர் கட்டணம், மாத்திரை, கவுன்சலிங் எல்லாம் கைக்காசுதான். படுக்கையில் சேர்ந்தால்தான் பணம். அங்கேயும் "வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம், அட்மிஷன் தேவையில்லை" என்று கடிதம் வரும். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு முன் படியுங்கள். "கவனிப்புக்காகச் சேர்க்கப்பட்டார்" என்று மட்டும் இருந்தால் க்ளெய்ம் போச்சு. சாப்பிடவில்லை, தூங்கவில்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தது, மருந்து அளவை அருகிலிருந்து மாற்ற வேண்டியிருந்தது என்று உள்ளது உள்ளபடி எழுதித் தரச் சொல்லுங்கள். மருத்துவர் கேஸ் ஷீட்டில் இதெல்லாம் எழுதியிருப்பார், சம்மரியில் விட்டிருப்பார். மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமை 25-வது பிரிவில் இருக்கிறது. மருத்துவமனை மனநல நிறுவனமாகப் பதிவு பெற்றதா என்பதைச் சேரும் முன்பே கேட்டு, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிராகரித்தால் போனில் சண்டை போடாதீர்கள், போனுக்குச் சாட்சி இல்லை. கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு 21(4)-ஐக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. உங்கள் புகாருக்குக் கம்பெனியின் பதில் கிடைத்த நாளிலிருந்து, பதிலே வராவிட்டால் அந்த 30 நாள் முடிந்ததிலிருந்து, ஒரு வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். "மேலே பேசிட்டு இருக்கோம் சார்" என்று கம்பெனி ஆட்கள் இழுப்பது இந்த ஒரு வருடத்தைக் கரைக்கத்தான்.