புதியதைத் தொடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு

உங்கள் முன் இரண்டு சூதாட்ட இயந்திரங்கள் இருக்கின்றன. முதலாவதை 100 தடவை இழுத்துப் பார்த்தாயிற்று; 60 தடவை பரிசு விழுந்தது. இரண்டாவதை மூன்றே தடவைதான் இழுத்திருக்கிறீர்கள், ஒரு தடவை விழுந்தது. அடுத்து எதை இழுப்பீர்கள்?

கை தானாக முதலாவதற்குத்தான் போகும். ஆனால் மூன்று தடவையை வைத்துக்கொண்டு ஒரு இயந்திரத்தை மட்டம் என்று ஒதுக்கிவிட முடியுமா? அதன் உண்மையான வெற்றி விகிதம் எதுவாகவும் இருக்கலாம் என்று தொடங்கிக் கணக்குப் போட்டால், அது முதலாவதைவிட நல்லதாக இருக்க இன்னமும் ஏறத்தாழ 18 சதவீத வாய்ப்பு பாக்கி இருக்கிறது.

சரி, அந்த 18 சதவீதத்தை என்ன செய்வது? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் தாம்சன் 1933இல் ஒரு வழி சொன்னார். 18 சதவீத வாய்ப்பு இருந்தால் 18 சதவீதத் தடவை அதை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். இழுக்க இழுக்க விவரம் சேரும், விகிதமும் அதற்கேற்ப ஏறும் அல்லது இறங்கும். அவர் யோசித்தது மருத்துவத்தைப் பற்றி. இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று உறுதியாகும்வரை பாதி நோயாளிகளுக்கு மட்டமான சிகிச்சையையே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்பது அவருடைய கவலை. பல பத்தாண்டுகள் அதிகம் பேர் கண்டுகொள்ளாமல் கிடந்த இந்த யோசனையை, இணைய விளம்பரங்கள் வந்தபிறகுதான் தூசி தட்டி எடுத்தார்கள். மருத்துவத்துக்காக யோசித்தது விளம்பரத்தில் போய்ப் பிரபலமானது கொஞ்சம் வேடிக்கைதான்.

புதிய ஒன்றைத் தொடும்போது பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, தகவல் நிச்சயம் கிடைக்கிறது. அந்தத் தகவலுக்கு எவ்வளவு மதிப்பு என்பது இன்னும் எத்தனை தடவை ஆடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆயிரம் தடவை பாக்கி என்றால், நல்லதைக் கண்டுபிடித்த லாபம் ஆயிரம் தடவையும் வந்துகொண்டே இருக்கும். இதுவே கடைசித் தடவை என்றால் அது காலணாவுக்குப் பெறாது. ஒருவரைத் துணிச்சல்காரர், இன்னொருவரைப் பயந்தாங்கொள்ளி என்று நாம் பட்டம் கட்டும்போது, அவரவருக்கு எவ்வளவு காலம் மிச்சம் என்று பார்ப்பதே இல்லை.

பறவைகள் இதைப் பார்க்கின்றன. ஜான் கிரெப்ஸும் அவருடைய சகாக்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பட்டாணிக்குருவி இனப் பறவைகளுக்கு இரண்டு இருக்கைகள் வைத்தார்கள். எதில் தத்திக் குதித்தாலும் இரை விழலாம். ஆனால் ஒன்றில் அடிக்கடி, மற்றதில் அபூர்வமாக. பறவை முதலில் இங்கும் அங்குமாக மாறிமாறிக் குதிக்கும். பிறகு ஒரு கட்டத்தில் தாராளமான இருக்கையிலேயே நிலைத்துவிடும். மொத்த நேரம் கூடக்கூட, நிலைக்கும் முன்பான இந்த அலைச்சலும் கூடியது.

நம் மூளையிலும் இதற்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. 2006இல் வந்த ஓர் ஆய்வில், ஸ்கேனருக்குள் படுத்தபடி நான்கு இயந்திரங்களை ஆடியவர்கள், நல்லது என்று தெரிந்ததை விட்டு வேறொன்றை முயன்ற நேரங்களில் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி கூடுதலாக இயங்கியது.

இவ்வளவு இருந்தும், பழக்கத்தில் நாம் சீக்கிரமே உறைந்துவிடுகிறோம். 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் 48 மணி நேர வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நிலையங்கள் மூடப்பட்டதால், தினமும் வேலைக்குப் போகிறவர்கள் பலர் வேறு வழியில் போக வேண்டியதாயிற்று. பயண அட்டைப் பதிவுகளைப் பொருளியலாளர்கள் பின்னர் அலசினார்கள். வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் பழைய வழிக்குத் திரும்பவே இல்லை! தங்களுக்கு உகந்த வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், வேறு வழியில்லாமல் போகும்வரை அவர்கள் தேடவில்லை. முயன்று தோற்றால் நட்டம் கண்ணில் படுகிறது. முயலாமல் விட்டதன் நட்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. காரணம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக எதையும் துணிந்து முயலலாம் என்று கிளம்பிவிட முடியாது. இந்தக் கணக்கு முழுக்க ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: ஒரு தவறான முயற்சிக்கு விலை ஒரு தடவைதான், அடுத்த தடவை திரும்பி வரலாம். உயிரே போகும் இடத்தில் அது செல்லாது. எலிகளிடம் அதற்கு வேறு உத்தி இருக்கிறது. எலியால் வாந்தி எடுக்க முடியாது, விழுங்கினால் விழுங்கியதுதான். அதனால் புதிய இரையைக் கண்டால் ஒதுங்கும், அப்புறம் துளியூண்டு கொறித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், சில மணி நேரம் கழித்துத் தெரிந்தால்கூட, பழியை அந்தப் புதிய இரைமேல் சரியாகப் போட்டு மறுபடி அதைத் தொடாது. உடனே வேலை செய்யும் விஷங்கள் எலிகளிடம் அடிக்கடி தோற்பது இதனால்தான். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற எலி மருந்துகள் வேலையைக் காட்டச் சில நாள் ஆகும். அதற்குள் அந்த இரை எலிக்குப் பழகியதாகிவிடுகிறது.